சுண்ணாம்பு தின்ற கை

பாக்கியநாதன் சீமைக்குப் படிக்கப் போகிறார் என்ற சேதியைக் கேட்டு தாராவியில் முதலில் சிரித்தவள் அவருடைய மனைவி சொர்ணம்தான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று ஆட்டுத்தோலைப் புரட்டுகிற மனிதர் குருவானவர் ஆகப்போகிறாராம், அதுவும் கப்பலேறிப் போய்ப் படித்து. "ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. தொட்டியில் நின்ற காலோடு ராத்திரிப் பள்ளிக்குப் போய் மெட்ரிக் முடித்தவர் அவர். தாராவிக் கோயில் என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. ஞாயிறுதோறும் அங்கே வேதம் வாசித்து விளக்கம் சொல்வார். அப்பமும் திராட்சை ரசமுமாக நற்கருணை கொடுப்பதற்கு மட்டும் மாதம் ஒருமுறை பெரிய கோயிலிலிருந்து ஒரு குருவானவர் வருவார். பாக்கியநாதனின் பேச்சைக் கேட்டு அசந்துபோன அவர்தான் பேராயரிடம் சொல்லி, இங்கிலாந்தில் இறையியல் கல்லூரியில் இடமும் அதற்கான உதவியும் வாங்கிக் கொடுத்தார்.

சபை தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டது. மாட்டுங்காவில் மளிகைக் கடை வைத்திருந்த அருளானந்தம்தான் அந்தச் சபைக்குப் பெரிய மனிதர். பட்டாளத்தில் இருந்தபோது வாங்கிய கம்பளிக் கோட்டைத் தேடி எடுத்து வைத்து, பாக்கியநாதனைக் கடைக்கு வரச் சொன்னார்.

"சீமைக் குளிரு ஆளைக் கொன்னுபோடும் தம்பி. இதைப் போட்டுக்க" என்றார்.

கோட்டைக் கையில் கொடுக்கவில்லை. கடைப் பலகையில் வைத்தார், பாக்கியநாதன் எடுத்துக்கொண்டார். கூடப் போயிருந்த சொர்ணம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவளுக்கு இது புதிதா என்ன? ஊரிலிருந்து பம்பாய்க்கு எல்லாரும் டிக்கெட் எடுத்து வந்தார்கள், சாதி மட்டும் வித்தவுட்டிலேயே வந்து சேர்ந்துவிட்டது. கோயிலில்கூட அருளானந்தத்தின் ஆட்கள் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து போய் நற்கருணை வாங்குவார்கள். அவர்கள் குடித்து முடித்த பிறகுதான் பின்னாலிருக்கும் தோல் ஷாப்பு ஆட்கள் எழுந்திருப்பார்கள். பாத்திரம் ஒன்றுதான், ரசமும் ஒன்றுதான், வரிசை மட்டும் ஊர் வரிசை.

அறுபத்தொன்றாம் வருஷம் பாக்கியநாதன் கப்பலேறினார். பலார்ட் பியர் துறைமுகத்தில் அந்தக் கப்பலை அண்ணாந்து பார்த்த சொர்ணத்துக்கு வாய் மூடவில்லை.

"இம்புட்டு இரும்பும் எப்படிங்க தண்ணியில மெதக்கும்?"

"சுண்ணாம்புத் தொட்டிக்காரன் சீமைக்குப் படிக்கப் போறான். இரும்பு மெதக்காதாட்டீ?"

அவர் திரும்பி வரும்வரை சொர்ணம் அப்பளம் இட்டு விற்று வயிற்றைக் கழுவினாள். வந்தவரிடம், "அங்க உங்களை எப்படி நடத்துனாவ?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"வாடகைக்கு ரூம் கேட்டப்ப மூஞ்சியில கதவைச் சாத்துனவங்களும் உண்டு" என்றார். "ஆனா கோயில்ல எனக்கு அடுத்தாப்புல ஒரு வெள்ளைக்காரக் கெழவி முழங்கால் போட்டிருந்தா. நான் குடிச்ச பாத்திரத்துல அப்படியே வாயை வச்சுக் குடிச்சாட்டீ. எனக்கு எந்திரிக்கவே முடியல."

அறுபத்தைந்தில் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. தாராவிச் சபையையே அவருக்குக் கொடுத்தார்கள். அவர் கையால் முதல் நற்கருணை என்று நாள் குறித்ததும், முதல் பெஞ்சில் முணுமுணுப்பு கிளம்பியது. பிரசங்கம் பண்ணட்டும், கேட்போம். அவன் கையால் வாங்கிச் சாப்பிடுவது எப்படி என்று அருளானந்தத்தின் தம்பிமார் வெளிப்படையாகவே பேசினார்கள். அருளானந்தம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சபை இரண்டானால் இவரை வேறெங்காவது மாற்றிவிடுவார்கள். இந்தக் கையால் கொடுத்தால் வாங்குவார்களா என்ற ஒரே கேள்வி சொர்ணத்தின் சோற்றையும் தூக்கத்தையும் கெடுத்தது.

அந்த ஞாயிறு காலையில் அவருடைய விரல்களில் தேங்காயெண்ணெயைத் தேய்த்து விட்டாள். சுண்ணாம்பு தின்ற தழும்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"விடுட்டீ. இது போவாது" என்றார் அவர்.

ஆராதனையில் அவர் அப்பத்தை உயர்த்தி, ஆசீர்வதித்து, சபையை அழைத்தார். முதல் பெஞ்சு அசையவில்லை. முதல் பெஞ்சு எழாமல் எழுந்து பழக்கமில்லாததால் பின்னாலும் யாரும் அசையவில்லை. பாக்கியநாதன் வெள்ளை அங்கியோடு, அப்பத் தட்டோடு, பீடத்தின் முன்னால் தனியாக நின்றார். கூரைத் தகரம் வெயிலில் சடசடப்பது மட்டும் கேட்டது.

கடைசி வரிசையில் தோல் ஷாப்புப் பெண்களோடு பாயில் உட்கார்ந்திருந்த சொர்ணம் எழுந்தாள். முதல் பெஞ்சைத் தாண்டிப் போய், முழங்காலிட்டுக் கையை நீட்டினாள். அவள் பின்னால் பாய் சரசரக்கும் சத்தமும் கால் சத்தமும் கேட்டன. தோல் ஷாப்பு முழுவதும் எழுந்து வந்துகொண்டிருந்தது.

அருளானந்தத்தின் தம்பிமார் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்கள். "அண்ணே, வாங்க" என்று ஒருவர் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். அருளானந்தம் தலையைக் குனிந்தபடி இருந்துவிட்டார். எல்லாரும் வாங்கி, எல்லாரும் குடித்து, இடத்துக்குத் திரும்பிய பிறகு அவர் எழுந்தார். கப்பல் மிதந்ததைப் பார்த்து மலைத்த சொர்ணம் இப்போது அதைவிட அதிகமாக மலைத்துப்போனாள். அவர் மெதுவாக நடந்து வந்து, முழங்காலிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார். தழும்பு விரல்கள் அப்பத்தை அந்தக் கையில் வைத்தன. அத்தனை தோல் ஷாப்பு வாய்களும் தொட்ட பாத்திரத்தில் அவர் வாய் வைத்துக் குடித்தார். ஆமென் என்றார். மிச்சத்தைப் பாக்கியநாதன் குடித்து முடித்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது அருளானந்தம் தயங்கித் தயங்கி வந்தார்.

"அந்தக் கோட்டு குளிருக்குக் கேட்டுச்சா, ஐயா?"

"நல்லாக் கேட்டுது."

"அன்னைக்கு நான் அதைப் பலகையில வச்சுட்டேன்" என்றார் அருளானந்தம். பாக்கியநாதனின் கையைப் பிடித்தவர், ஜனங்கள் எல்லாரும் அவர்களைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போகும்வரை அதை விடவே இல்லை.