கமக்கட்டுத் தையல்

கொட்டாஞ்சேனையில் யூஜினாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்தவராக இருக்கவேண்டும். மீன்காரன், கரண்ட் பில் கொண்டுவருகிறவன், கோயில் பாடகர் குழுத் தலைவர் என்று எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டியவர்கள்தான். ஆனாலும் ஜேர்சி தைக்க வேண்டுமென்றால் அவளுடைய ஒழுங்கைக்குள்தான் வரவேண்டும். மட்டக்குளியிலிருந்து ஆற்றுக்கு அந்தப்பக்கம் வத்தளை வரைக்கும் உள்ள உதைபந்தாட்டக் கழகங்கள் முக்கால்வாசிக்கு அவள்தான் தைத்தாள். ஏச்சையும் வாங்கி ஜேர்சியையும் வாங்கிக்கொண்டு போவார்கள். தையல் அப்படி. சேற்றில் விழுந்து புரண்டாலும், எதிராளி பிடித்து இழுத்தாலும் ஒரு நூல் விடாது.

கோல் காப்பாளர்களுக்கு மட்டும் அவள் ஒன்று கூடுதலாகச் செய்வாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மந்திரித்த சின்னப் பதக்கம் ஒன்றை ஜேர்சியின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுவாள். கழுத்தில் சங்கிலி போட்டால் நடுவர் கழற்றச் சொல்லுவார். மடிப்புக்குள் இருப்பதை யார் கண்டது? கத்தோலிக்கப் பெடியனா, முஸ்லிம் பெடியனா, சிங்களப் பெடியனா என்று அவள் கேட்பதில்லை. அவர்களும் வேண்டாம் என்று சொல்லுவதில்லை. அவளிடம் யார் வாயைக் கொடுப்பது!

இந்தப் பழக்கம் தொடங்கியதே மகன் றொஹானுக்காகத்தான். அவன் பகலில் துறைமுகத்தில் எழுதுவினைஞர், மாலையில் கோல் காப்பாளர். தேசிய அணிக்கு எடுபட்டு வருஷக் கணக்காகிவிட்டது. ஆனால் எடுபட்டு என்ன? மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்து மற்றவனுக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டுவதுதான் வேலை. மூத்த கீப்பர் முழங்காலைக் காரணம் சொல்லி விலகியபோது யூஜினா மூன்று செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு நடந்தே போனாள். ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று வருகிறது, இனி றொஹான்தான் நிற்பான் என்று ஒழுங்கை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் யொனாஸ் வந்து இறங்கினான்.

யொனாஸ் வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன் ஸ்ரான்லியின் மகன். ஸ்ரான்லி எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு ஜேர்மனிக்குப் போனவன். தகப்பன் படுக்கையில் கிடந்தபோதும் வரவில்லை, செத்தபோதும் வரவில்லை. கழுவித் துடைத்து அடக்கம் செய்தது எல்லாம் இவள். சமாதான காலத்தில் ஒருமுறை மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தான். அந்தக் குழந்தைக்குக் கொட்டாஞ்சேனையிலேயே ஞானஸ்நானம் நடந்தது. ஞானத்தாய் யூஜினா. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று கோயில் சுவாமி அன்றைக்குப் பிரசங்கத்தில் சொன்னார். அப்போது அவளுக்குக் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

வெளிநாட்டில் பிறந்த நம்முடைய பெடியன்களைத் தேசிய அணிக்கு எடுக்கிறார்கள் என்ற கதை வந்ததும், ஸ்ரான்லி மகனுக்கு இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து அனுப்பிவிட்டான். ஆறரை அடி உயரம். ஜேர்மனியில் மூன்றாம் தரக் கழகம் ஒன்றில் ஆடுகிறானாம். பயிற்சியாளர் பார்த்தார், ஒன்றாம் இலக்கத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டார். றொஹான் மறுபடியும் வாங்கில். காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதை என்று ஒழுங்கையில் நாலுபேர் சிரித்தார்கள்.

அதையும் அவள் பொறுத்திருப்பாள். ஆனால் ஸ்ரான்லியும் பெண்சாதியும் ஆட்டம் பார்க்க வந்து வெள்ளவத்தையில் கடல் தெரிகிற அடுக்குமாடி பிளாற் ஒன்றில் தங்கினார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் வர நேரமில்லையாம், போன் எடுத்தான். கதையோடு கதையாக, "எங்கட றொஹானும் இனிக் கொஞ்சம் ரெஸ்ற் எடுக்கலாம்தானே, தங்கச்சி," என்று சொல்லிச் சிரித்தான்.

யூஜினா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அணியின் உடுப்புப் பொறுப்பாளர் இஸ்ஸதீன் வந்தார். கோல் காப்பாளர்களின் ஜேர்சிகள் பெரிய அளவில் வந்துவிட்டன, கையும் நீளம், உடம்பும் தொளதொள, கொஞ்சம் பிடித்துத் தர வேண்டும் என்றார். ஒன்றாம் இலக்கம் ஒன்று, இருபத்திரண்டாம் இலக்கம் ஒன்று. அளவுச் சட்டைகளும் கூடவே கொடுத்தார்.

இருபத்திரண்டை அவள் முதலில் எடுத்தாள். றொஹானுடையது. அளவு நாடா இல்லாமலே பிடித்துத் தைத்து, மடிப்புக்குள் பதக்கத்தை வைத்து, முத்தமிட்டு மூடினாள். பிறகு ஒன்றாம் இலக்கத்தை மெஷினில் போட்டாள். கையைக் குறைத்தாள், பக்கங்களைப் பிடித்தாள், எல்லாம் ஒழுங்காகத்தான். வலது கமக்கட்டுக்கு, அக்குள் மடிப்புக்கு, வந்ததும் கை நின்றது. அந்தத் துணி இழுத்தால் இழுபடுகிற துணி. அதற்கு இழுபடுகிற நூல்தான் போடவேண்டும். அவள் எழும்பிப் போய்ப் பருத்தி நூல் கொண்டுவந்தாள். முக்கால் அங்குலம் உள்ளே பிடித்து, நேர்த்தையல் போட்டு, அதன்மேல் இன்னொரு தையலும் போட்டாள். கையைக் கீழே விட்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. தோள்வரை தூக்கினாலும் தெரியாது. தலைக்குமேல் எட்டிப் பிடிக்கப் போகும்போதுதான் துணி பிடித்து இழுக்கும். பதக்கம் வைக்கவில்லை.

செய்கிறது என்னவென்று தெரியாமல் செய்தாள் என்று யாரும் அவளுக்காகப் பரிந்துகொண்டு வரவேண்டாம். நன்றாகத் தெரிந்துதான் செய்தாள். தைத்து முடித்ததும் மனம் குளிர்ந்தது.

ஆட்டத்தன்று காலை யொனாஸ் அணியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மைதானத்துக்குப் போகுமுன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். பெரிய காரியத்துக்குப் போகுமுன் ஞானத்தாயிடம் நெற்றியில் சிலுவை வாங்கவேண்டும் என்று தகப்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். யூஜினா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அம்மா குளிக்கிறா என்று றொஹான் சொன்னான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அந்தப் பெடியன் போனான். அவன் போனது உறுதியான பிறகுதான் குழாயை மூடினாள்.

மைதானம் நிரம்பி வழிந்தது. எதிரணி நல்ல அணி, ஆனாலும் நம்முடைய ஆட்கள் விட்டுக்கொடுக்கவில்லை. சமன் செய்தாலே அடுத்த ஆட்டத்துக்கு நம்பிக்கை இருக்கும். யொனாஸ் பயிற்சிச் சட்டையோடு உடம்பைச் சூடாக்கிவிட்டுக் கடைசி நேரத்தில்தான் ஒன்றாம் இலக்கத்தைப் போட்டான். தரையோடு வந்த பந்துகளையெல்லாம் விழுந்து விழுந்து பிடித்தான். சனம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. யூஜினாவுக்கு வயிறு எரிந்தது. ஆட்டம் முடிய இருந்த நேரம், எதிரணிக்குக் கோர்ணர் உதை. பந்து உயர வந்தது. அந்த உயரத்துக்கு யொனாஸ் துள்ளவே தேவையில்லை, கையை நீட்டினால் போதும். நீட்டினான். வலது கை பாதியில் நின்றது. பந்து விரலைத் தாண்டிப் போய்ப் பின்னால் நின்றவனின் தலையில் பட்டு வலைக்குள் விழுந்தது.

பிறகு தொடங்கியது பாருங்கள் ஏச்சு! தமிழில் ஏசினார்கள், சிங்களத்தில் ஏசினார்கள். வெளிநாட்டு இறக்குமதி என்றார்கள், ஆறரை அடிப் பனைமரம் என்றார்கள், பிளேன் ஏறு என்றார்கள். சற்றுமுன் அவன் பெயரைச் சொல்லிக் கத்திய அதே வாய்கள். யூஜினா வாயே திறக்கவில்லை. அவளுக்குப் பதிலாகத்தான் ஊரே ஏசியதே.

ஆட்டம் முடிந்து கம்பி வேலிக்கு அருகில் யொனாஸ் வந்தான். கண் சிவந்திருந்தது. றொஹான் அவனுடைய தோளில் கைபோட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"மாமி, சொறி, மன்னிக்கோணும்," என்றான் அவன் தன்னுடைய உடைந்த தமிழில். "கை போகேல்லை. ஏன் எண்டு தெரியேல்லை."

"அங்கத்தைப் பழக்கம் இங்கை சரிவராது, தம்பி," என்றாள் யூஜினா. "ஏலாததைக் கையிலை எடுக்கக்கூடாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். றொஹான் தாயை ஒருமுறை பார்த்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் அவள் கேட்டபடியே நடந்தது. பத்திரிகை கிழித்தது, முகப்புத்தகம் கிழித்தது. வெள்ளவத்தை பிளாற்றிலிருந்து போனே வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு றொஹான்தான் கீப்பர் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். யூஜினா மாட்டிறைச்சி வாங்கிப் பிரட்டல் வைத்து ஒழுங்கைக்கெல்லாம் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய் ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தி, அந்தோனியாருக்கு நன்றி சொன்னாள். சொல்லக் கூசவில்லை.

சந்தோஷத்தில் ஒன்றை அவள் மறந்துபோனாள். கழகங்களில் ஜேர்சி ஆளோடு போகும்; அவள் வாழ்நாள் முழுக்கத் தைத்தது கழகங்களுக்கு. தேசிய அணியில் ஜேர்சி இடத்தோடு போகும். கோலில் நிற்கிறவனுக்குத்தான் ஒன்றாம் இலக்கம் என்பது அந்தப் பயிற்சியாளரின் கட்டளை. உயரம் வேறு, உடம்பு வேறு என்பதால், உங்கட அம்மாட்டையே கொடுத்துச் சரிசெய் என்று இஸ்ஸதீன் அந்த ஜேர்சியை றொஹானின் கையிலேயே கொடுத்துவிட்டிருந்தார்.

கோயிலால் திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டு முன் மண்டபத்தில் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் றொஹான் ஒன்றாம் இலக்கத்தைப் போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு அது தொளதொள என்றுதான் இருந்தது. இடது கை தலைக்குமேலே நேராக நின்றது. வலது கை காதளவில் நின்றது. அதற்குமேல் போகவில்லை.

அவன் ஜேர்சியைக் கழற்றி உட்புறம் வெளியே திருப்பினான். பருத்தி நூல், நேர்த்தையல், அதன்மேல் இன்னொரு தையல், முடிவில் மூன்று முடிச்சு. மூன்று முடிச்சுப் போடுகிற ஆள் கொழும்பில் ஒருத்திதான். அந்த முடிச்சுகளைப் பார்த்தே வளர்ந்தவன் அவன்.

யூஜினா ஏதோ சொல்லப் பார்த்தாள். இஸ்ஸதீன் அவசரப்படுத்தினார், வெளிச்சம் போதவில்லை, நூல் மாறிவிட்டது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான்.

"உனக்காகத்தான் செய்தனான்," என்றாள் கடைசியில்.

"தெரியும். அதாலைதான் என்னாலை இதைப் போடேலாது." அவன் ஜேர்சியைத் தையல் மெஷினுக்குமேல் வைத்தான். "கோச்சுக்கு இப்பதான் போன் எடுத்தனான். முதுகு பிடிச்சிட்டுது எண்டு சொல்லிட்டன். ஞாயிற்றுக்கிழமை யொனாஸ்தான் நிக்கிறான். பிரிச்சுத் தா."

யூஜினா கத்தினாள். எத்தனை வருஷம் காத்திருந்தாய் என்றாள், விசர் பிடித்துவிட்டதா என்றாள், தகப்பன் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார் என்றாள். பக்கத்து வீட்டு யன்னல்கூடத் திறந்தது. றொஹான் அறைக்குள் போய்த் தன்னுடைய இருபத்திரண்டாம் இலக்கத்தைக் கொண்டுவந்து மற்றதன் பக்கத்தில் வைத்தான்.

"இதிலை இருக்கிற பதக்கத்தையும் எடுத்து அதிலை வை," என்றான். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அவனுக்கும் சொல்லமாட்டன்."

அவள் தையல் பிரிக்கிற பிளேட்டை எடுத்தாள். ஒரு நூல் விடாத தையல் அது, அவளுக்கே பிரியவில்லை. ஒவ்வொரு கண்ணாகக் கீறிக் கீறி எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் விரலில் வெட்டியது. றொஹான் உதவவும் இல்லை, உட்காரவும் இல்லை. இழுபடுகிற நூலால் அவள் திரும்பத் தைத்து, பதக்கத்தை மாற்றி வைத்து மூடும்வரைக்கும் பக்கத்திலேயே நின்றான். பிறகு கையைத் துணிக்குள் விட்டு இழுத்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்தான்.

கதவடியில் செருப்பைப் போடும்போதுதான் மறுபடியும் கதைத்தான்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை யொனாஸ் வருவான், நெத்தியிலை சிலுவை போடச் சொல்லி. குழாயைத் திறக்காதை, அம்மா."

அவன் போய்விட்டான். இருபத்திரண்டாம் இலக்கம், மடிப்புப் பிரிந்தபடி, மெஷினுக்குமேல் கிடந்தது.