தாடையால் கேட்ட கிடார்

என் அக்காவின் கணவர், எங்கள் மாமா, தகரப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் சுத்தியல் பிடித்தவர். அந்த டமால் டமால் சத்தம் அவருடைய இரண்டு காதையும் தின்றுவிட்டது. காதில் கருவி மாட்டினால் வெறும் இரைச்சல்தான். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். பிடிக்காத பேச்சென்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பிழைக்கத் தெரிந்த மனுஷர்.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம், "எனக்கு ஒரு கிடார் வாங்கணும்" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் கூட்டாளியின் கிடாரை வாங்கி வாசித்தவர்தான்.

"காதே கேக்காம கிடார் எதுக்குங்க?" என்றாள் அக்கா.

"கொஞ்சமாவது கேக்குதான்னு பாத்துடறேன். இல்லேன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அக்காவோடு நானும் கிடார் கடைக்குக் கூடப் போனேன்.

கடைக்காரம்மா கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. சுவரில் தொங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். மாமா மீட்டுவார், உதட்டைப் பிதுக்குவார், திருப்பிக் கொடுப்பார். ஏழு கிடார் இப்படியே போனது.

"சுத்தமா கேக்கல. வாங்க, போலாம்" என்று எழுந்தேவிட்டார்.

கடைக்காரம்மா அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். மூலையிலிருந்த பெரிய வயிற்றுக் கிடார் ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். "மேல் விளிம்புல தாடையை அழுத்தி வைங்க. சத்தம் எலும்பு வழியா போகும்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

மாமா தாடையை வைத்துத் தடித்த கம்பியை இழுத்துவிட்டார். கண்ணை மூடினார். மறுபடியும் இழுத்தார்.

அதற்கப்புறம் ஆளைப் பிடிக்க முடியவில்லை. அரைமணி நேரம் தாடையை எடுக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. கண்ணை மூடியவரிடம் உதட்டை அசைத்து என்ன பயன்? அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. குனிந்து, கிடாரின் துளைக்கருகே வாயை வைத்து, "எந்திரிங்க, கடையை மூட வேண்டாமா அவங்க?" என்று கத்தினாள்.

மாமா கண்ணைத் திறக்காமலே, "ஏன் திட்டுறே? எந்திரிக்கறேன்" என்றார்.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். காது போன இந்த ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் அவருக்கு எட்டியிருக்கிறது, அதுவும் திட்டு. கடைக்காரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றாள். அந்தப் புண்ணியவதிக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

பிறகு அக்கா மறுபடியும் குனிந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை.

"என்னங்க."

"ம்" என்றார் மாமா.