துவக்கின் இரும்பு வளையம்

அப்போது டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு அருகே ஒரு பண்ணையில் வேலை செய்தேன். இலங்கையிலிருந்து மனைவியை அழைக்கக் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. எதைத் தொட்டாலும் பயம்.

ஒருநாள் பண்ணைக்காரர் தன் வேட்டைத் துவக்கைக் கழற்றித் துடைக்கத் தந்தார். சுட்டதும் வெறும் தோட்டாவைத் தானே தள்ளி அடுத்ததை ஏற்றும் துவக்கு அது. அவர் தொலைபேசிக்கு எழுந்து போனபோது ஒரு இரும்பு வளையம் உருண்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், குத்துமதிப்பாக மாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த சுடும் போட்டியில், அவருடைய தம்பி கொடுத்த லேசான தோட்டாக்கள் ஒவ்வொன்றும் சிக்கின. எல்லோரும் சிரித்தார்களாம். "மலிவுச் சாமான் தந்திட்டான்" என்று பண்ணைக்காரர் தம்பியோடு கதைப்பதையே விட்டார்.

நான் வளையத்தைப் பிசகாக மாட்டியதால்தான் இருக்கும் என்று அறைத்தோழரிடம் சொன்னேன்.

"வாயைப் பொத்து! துவக்கைத் தொட்டனி எண்டு பொலிசுக்குத் தெரிஞ்சா, உன்ர மனுசி வந்தமாதிரித்தான்."

பொத்தினேன். வேட்டைக்காலத்தில் கனமான தோட்டாக்களுக்குத் துவக்கு பிசகாமல் வேலை செய்தது. தம்பிமேல் கோபம் இன்னும் இறுகியது. நத்தார், அதாவது கிறிஸ்துமஸ் விருந்துக்கும் தம்பியை அழைக்கவில்லை என்று கேட்டதும் தாங்க முடியாமல் பண்ணைக்காரரிடமே சொல்லிவிட்டேன்.

அவர் துவக்கைத் திறந்தார். "கனத்ததுக்கு வளையம் சுருள்வில்லுக்கு முன்னால, லேசானதுக்குப் பின்னால. இவ்வளவுதான். அண்டைக்கே சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பன்." பிறகு தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார்.

பின்னாளில், எங்கள் விண்ணப்பங்களை அமைச்சரே வேண்டுமென்று கிடப்பில் போட்டது வெளியே வந்தது. தெரிந்தும் வாய் திறக்காத அலுவலர்களை அறையில் எல்லோரும் திட்டினார்கள். என்னால் மட்டும் திட்ட முடியவில்லை.