பசைப் பக்கம் மேலே

என் கணவருக்கு வலிப்பு வர ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிறார். எனக்குக் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. காலையில் மலை பஸ் பாதி தூரம் ஏறியதும் போனில் சிக்னல் போய்விடும். சாயங்காலம் இறங்கி வரும் வரை வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது.

போன பொங்கலுக்கு முந்தின வாரம் படுக்கையறையில் விழுந்தார். டைல்ஸில் தலை மோதி நெற்றியில் ஆறு தையல். அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவே இல்லை. சமையலறையில் ஒரு கிண்ணம் விழுந்தாலும் உடம்பு தூக்கிப்போடும்.

என் தம்பி சென்னையில் ஆபீஸ்களுக்குத் தரை போடும் வேலையில் இருக்கிறான். அவன்தான் அந்த அறையில் டைல்ஸ் மேலேயே பிளாஸ்டிக் மாதிரியான வினைல் பட்டை போடலாம் என்றான். கீழே அண்டர்லே என்று மெத்தென்ற ஒரு ஷீட்டை விரித்து, அதன் மேல் பட்டைகளை ஒட்ட வேண்டும்.

"ஷீட்டுலயே பசை இருக்கும்க்கா. மேல ஒரு ஃபிலிம் இருக்கும், அத உரிச்சிட்டுப் பட்டைய வச்சி அழுத்தினா போதும். மெத்தைன்னு நெனச்சிக்காத, ரெண்டு மில்லிதான். ஆனா டைல்ஸ் மாதிரி வெறப்பா இருக்காது" என்றான்.

ஒரு வேலையில் மிஞ்சிய சுருள்களையும் பட்டைகளையும் லாரியில் உளுந்தூர்பேட்டைக்கு அனுப்பினான். நான் போய் எடுத்து வந்தேன். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு அறைதானே, நாங்களே போட்டுவிடலாம் என்று என் கணவர் சொன்னார். தம்பி போனில் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தான்.

"பசைப் பக்கம் மேல பாத்து இருக்கணும். அடிப் பக்கம் தரையில ஒட்டாது, சும்மாதான் கெடக்கும். ஃபிலிம மொத்தமா உரிச்சிடாத. ஒரு முழம் உரி, பட்டைய வை, அப்பறம் உரி."

அது ஒரு சனிக்கிழமை. ஃபிலிம் பறக்கும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தோம். ஜன்னல் சுவரிலிருந்து, ஒட்டிய பட்டைகளின் மேலேயே மண்டி போட்டு, அவர் வாசலைப் பார்த்து ஒட்டிக்கொண்டே வந்தார். நான் அளவு பார்த்துக் கத்தியால் கீறி, ஒடித்துக் கொடுத்தேன். நாலு வரிசை அழகாக வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டும் என்று, வாசற்படி வரை இருந்த ஃபிலிம் முழுவதையும் ஒரே இழுப்பில் உரித்தேன்.

"கொஞ்சம் கொஞ்சமா உரிக்கச் சொன்னானே" என்றார்.

"நீங்க ஒட்டுங்க, ஒண்ணும் ஆவாது" என்றேன்.

நான் வாசற்படியில் திரும்பி உட்கார்ந்து அடுத்த பட்டையைக் கீறிக்கொண்டிருந்தேன். பட்டையைத் தட்டும் சத்தம் நின்றது. வேறெதுவும் கேட்கவில்லை. ஏதோ கேட்பதற்காகத்தான் திரும்பினேன். அவர் குப்புறக் கிடந்தார். பசையின் மேல் முகம் அழுந்தியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

ஓடினேன். முதல் அடியிலேயே பாதம் ஒட்டிக்கொண்டு முன்னால் விழுந்தேன். உள்ளங்கை ஒட்டியது, முழங்காலில் புடவை ஒட்டியது. பிய்த்துப் பிய்த்து அவரிடம் போய்ச் சேர்ந்தேன். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதுவும் வைக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோளைப் பிடித்துப் புரட்டினேன். உடம்பு வந்தது, முகம் வரவில்லை. கன்னமும் மீசையும் ஷீட்டோடு ஒட்டியிருந்தன. மூக்கு அதில் பதிந்திருந்தது. உதட்டோரம் நீலமாகிக்கொண்டு வந்தது.

ஓடும்போது கையோடு வந்திருந்த கத்தியை எடுத்தேன். ஷீட்டை அறுத்து எடுத்துவிடலாம் என்றுதான். அவர் தலை உதறியதில் கத்தி முனை கழுத்துக்குக் கிட்டத்தில் போய் வந்தது. கத்தியைத் தூக்கி வாசல் பக்கம் எறிந்தேன். அவரை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஷீட் தரையில் ஒட்டியிருக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. அதன் ஓரத்துக்கு அடியில் விரலைக் கொடுத்து, பாயைத் தூக்குவதுபோல அவரோடு சேர்த்துத் தூக்கிச் சாய்த்தேன். ஒருக்களித்தார். மூக்கு விடுபட்டது. வாயிலிருந்து நுரை வழிந்தது. பிறகு ஒரு மூச்சு, அடைப்பு எடுத்ததுபோல, பெரிதாக இழுத்தார். நான் அந்த ஷீட்டை விடாமல் பிடித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. நான் பார்க்க ஆரம்பித்து மூன்று நிமிஷத்தில் இழுப்பு நின்றது.

தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தொட்டுக் கன்னத்தைப் பிரித்தேன். மீசையில் பாதி ஷீட்டிலேயே தங்கிவிட்டது. கண் விழித்து என்னைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சி? ஏன் எண்ண நாத்தம் அடிக்குது?"

அவர் கன்னத்தில் வழிந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். முடியும் புடவை நூலும் ஒட்டிய பகுதியை வெட்டி எடுத்து, வேறு துண்டு வைத்து, வேலையை முடித்தான்.

தரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தால் சத்தமே இல்லை. இரண்டாம் நாள் சமையலறையில் நின்றவளுக்குத் திடீரென்று உறைத்தது, வெகுநேரமாக எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று. ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு மிக்ஸியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்படியே ஓடிக்கினு இருப்பியா?" என்றார். தலை நிமிராமலே சொன்னார்: "வுழறது எனக்குத் தெரியாது. முழிச்சா மொதல்ல உன் மூஞ்சியதான் பாக்கறேன். அதப் பாத்துதான் எனக்குப் பயம் வருது."

அவரும் பயப்படுவார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தையல்கார அக்காவிடம் போனேன். வலிப்பு விஷயத்தை மூன்று வருஷமாகத் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"தெரியும்மா. தொப்புன்னு வுழற சத்தம் இங்க கேக்கும். நீயா சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். "இப்ப ஒண்ணும் கேக்கலியா, சரியாப் பூட்ச்சின்னு நெனச்சிக்கினு இருக்கேன்."

அவர் விழும் சத்தத்தைப் புதுத் தரை விழுங்கிவிடும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டுச் சாவியில் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். பதினோரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன் என்றார். பார்க்கவும் செய்கிறார்.