டொமினிக் அண்ணன் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டது

பட்டாபிராம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது பாடகர் குழு வாட்ஸாப்பில் செய்தி வந்தது. டொமினிக் அண்ணன் போய்விட்டார். வந்த ரயிலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நம் கோயிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை, ஞாயிறு பூசையில் ஓபோ, இதுதான் அண்ணன். ஓபோ என்பது நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதுகிற மேனாட்டுக் குழல். அவர் முதல் ஓபோ. முக்கியமான மெட்டெல்லாம் அவருக்கு. பக்கத்தில் துணைக்கு ஊதும் இரண்டாவது ஓபோ நான்.

கற்றுக்கொள்ள வாங்கிய கருவியிலேயே பல வருஷம் ஓட்டினேன். ஒருவழியாகத் தொழில்முறைக் கருவி வாங்கத் துணிந்தபோது, என் சித்தப்பா மகன் வெளிநாட்டிலிருந்து இரண்டு கொண்டுவந்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆயுசுக்கு ஒரு தடவைதான் இப்படி வாங்க முடியும். தப்பாக எடுத்தால் அதோடுதான் குடித்தனம்.

அண்ணன் கோயிலுக்கு வரச் சொன்னார். நான் புதுச் சீவாளியை எடுத்ததும் தடுத்தார்.

"இன்னாம்மா லீனா, உன் பழைய சீவாளியவே ரெண்டுலயும் மாட்டி ஊது. சீவாளி மாறுனா எது நல்லா கீதுன்னு எப்டித் தெரியும்?"

கடைசி பெஞ்சில் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதை ஊதுகிறேன் என்று பார்க்கக்கூடாதாம்.

முதலில் ஊதிய கறுப்பு மரக் கருவி வெண்ணெயாக ஒலித்தது. அண்ணனின் ஓபோவோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். எனக்கு அதுதான் பிடித்தது. சிவப்பு மரம் கொஞ்சம் முரடு, ஆனால் ஓசை வாசல்வரை போனது.

"மொதல்ல ஊதுனது என் பக்கத்துல உக்கார்றதுக்கு நல்லா கீது," என்றார். "இப்ப ஊதுனது உனக்கு நல்லா கீது. அத்த எடு."

"அண்ணே, அது அடங்க மாட்டேங்குது."

"இன்னாத்துக்கு அடங்கணும்?"

எடுத்தேன். புது மரம் வெடித்துவிடும் என்று தினமும் கொஞ்ச நேரமே ஊதவிட்டார். மரம் பழகியதும் ஒரு ஞாயிறு முதல் ஓபோவின் இசைத்தாளை என் முன்னால் வைத்தார். சண்டை போட்டேன். "சும்மா ஊதும்மா, எனக்கும் வயசாவுதில்ல" என்று சிரித்தார். நானும் நம்பிவிட்டேன்.

அடக்கத்தன்று அவர் மனைவி செலின் அக்கா சொன்னார். "நீ ஓபோ எடுத்த அன்னிக்கு ஊட்டுக்கு வந்து அவரு சாப்புடவே இல்ல. 'இனிமே நான் ரெண்டாவதுதான்'னாரு. அப்ப எதுக்கு அத்த எடுக்கச் சொன்னீங்கன்னு கேட்டேன். 'காதுல வுழுந்தத மாத்திச் சொல்ல முடியுமா'ன்னாரு."

அண்ணனுக்கு முடியாமல் போனதிலிருந்து என் பக்கத்தில் ஷீலா இரண்டாவது ஓபோ வாசிக்கிறாள். என்னைவிட அவள் நன்றாக ஊதுகிறாள். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இதோ, உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். டொமினிக் அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.