முன் வரிசை கிடையாது

என் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பகலில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். அங்கே சூப்பர்வைசரே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார். மாலையில் பஞ்சர் கடை மாடியில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறாள். பாட்டுப் போடுவது நான். அவளுடைய சட்டம் ஒன்றுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் வரிசை பின்னால் போகவேண்டும், பின் வரிசை முன்னால் வரவேண்டும். யார் வீட்டுப் பிள்ளையானாலும் சரி.

அந்த மாடிக்கு ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர் தன் மகளைக் கூட்டிவந்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச். "கால் இன்னும் லேசாகணும், அதுக்குத்தான்" என்றார். பந்தயத்துக்கு முன்னால் அவள் வாந்தி எடுப்பாளாம். தோற்றால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு சாப்பிட மாட்டாளாம். "அவ்வளவு வெறி!" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் வகுப்பில் பாட்டு பாதியில் இருக்கும்போதே அந்தப் பெண் அன்று சொல்லிக்கொடுத்த மொத்த ஆட்டத்தையும் மளமளவென்று ஆடி முடித்துவிட்டுக் கையைத் தூக்கினாள். "டீச்சர், நான்தான் ஃபர்ஸ்ட்!"

"சரி, ஃபர்ஸ்ட். மிச்சப் பாட்டுக்கு யாரு ஆடுவா? உங்கப்பாவா?" என்றாள் அக்கா.

பிள்ளைக்கு அழுகை முட்டியது. அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. வகுப்பிலேயே மெதுவாக ஆடுகிற, நாங்கள் 'பொடிசு' என்று கூப்பிடும் பெண்ணோடு அவளை ஜோடி சேர்த்தாள். இரண்டு பேரும் கைகோத்துச் சுற்றவேண்டும். ஒருத்தி அவசரப்பட்டால் இரண்டு பேரும் விழுவார்கள். விழுந்தார்கள், முட்டி சிராய்க்கிற அளவுக்கு. "எழுந்து, பாட்டு இப்ப எங்க இருக்கோ அங்கேருந்து ஆடு" என்பாள் அக்கா. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெண் பொடிசின் காலைப் பார்த்து ஆடப் பழகினாள். சிரிக்கவும் பழகினாள்.

மேடை நிகழ்ச்சி நெருங்கியபோது அந்தப் பெண்ணின் அப்பா வந்து நின்றார். "என் பொண்ணு முன் வரிசையில நடுவுல நிக்கணும்."

"நிப்பா. அவ முறை வர்றப்போ."

"ஜெயிக்கிற பிள்ளையைப் பின்னால நிறுத்துவீங்களா? அப்போ வகுப்பே வேண்டாம். நாளையிலேருந்து வரமாட்டா."

"தாராளமா. படி அந்தப் பக்கம் இருக்கு."

மகள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் வருவேன்!" அப்பாவை எதிர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. கடைசியில், "மேடையோட சரி. அப்புறம் கிடையாது" என்று இறங்கிப் போனார். இவளை மறுபடி அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிடப் போகிறாரே!

நிகழ்ச்சி அன்று அவள் முறை பின் வரிசையில். அப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முண்டியடித்து முன்னால் வந்தவர், என் பாட்டுப் பெட்டியின் ஒயரைக் காலால் இழுத்துவிட்டார். பாட்டு நின்றது. அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். இப்போது அவளைப் பிடித்து நிறுத்தப் பாட்டுக்கூட இல்லை. பழைய குணத்தைக் காட்டினால் எல்லாம் போச்சு. அப்போது 'தக்' என்று பலகையில் ஒரு குதிகால் சத்தம். மறுபடி 'தக்'. பின் வரிசையிலிருந்து அவள்தான் தாளம் போட்டாள், பொடிசால் ஆட முடிகிற வேகத்தில். ஒவ்வொருத்தராகச் சேர்ந்துகொண்டார்கள். கைகோத்துச் சுற்றினார்கள். ஒருத்தியும் விழவில்லை.

மேடையிலிருந்து குதித்து ஓடியவள் பழைய குரலிலேயே கத்தினாள். "அப்பா! எல்லாரும் ஒண்ணா முடிச்சோம்!"

ஸ்டாப்வாட்சுக்குப் போன அவர் கை பாதியில் நின்றது.

அடுத்த பந்தயத்தில் அவள் இரண்டாவதாக வந்தாள். வாந்தி இல்லை. வீட்டுக்கு வந்ததும், "பசிக்குது" என்றாளாம். தட்டைக் காலி செய்துவிட்டு, ஜெயித்த பெண் எப்படிப் புறப்பட்டாள் என்று அப்பாவுக்கே ஓடிக் காட்டினாளாம். இதையெல்லாம் படியேறி வந்து அவரே சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு.

"அவ தொடர்ந்து வரட்டும் டீச்சர். இனிமே முன் வரிசை கேட்க மாட்டேன்."

அக்கா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"கேட்டாலும் கிடைக்காது" என்றாள்.