பாவுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூட்டம்

நெசவாளர் தெருவுக்குள் நுழையும்போது அம்சாவின் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். அம்சா செருப்போடு நடக்கிறாள். அதை அவள் புரட்சி என்றெல்லாம் நினைக்கவில்லை. கால் சுடும், அவ்வளவுதான்.

ஐயம்பேட்டைப் பக்கம் காலனியில் வீடு. வாலாஜாபாத்தில் அரிசி ஆலை வேலை. அரசுத் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அவள் தலைவியானது வேறு யாரும் முன்வராததால். ஆனபின் விடவில்லை. பள்ளியில் பதினோரு பிள்ளைகள்தான். ஜூனுக்குள் பதினைந்து சேராவிட்டால் நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள பள்ளியோடு இணைத்துவிடுவார்களாம். லாரிகள் பறக்கும் அந்தச் சாலையை அவள் மகள் சிம்ரன், ஏழு வயதுக்காரி, தனியாகக் கடக்க வேண்டும்.

நெசவாளர் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வேனில் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். குழுக் கூட்டமோ வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. உழைக்கிறவர்கள் வரமுடியாத நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று எழுதிவைப்பது எளிது. அம்சா பிள்ளைகளைக் கேட்டு அந்தத் தெருவில் வீடு வீடாகப் போனாள். "தறியில கீறேன்மா, அப்பால வா" என்றார்கள். அந்த அப்பால் வரவேயில்லை.

ஒரு ஞாயிறு விடியலில் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். பட்டு நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசும் வேலை. வெயில் ஏறுமுன் முடிந்தாக வேண்டும். பிடித்த கையை யாரும் எடுக்க முடியாது. அம்சாவுக்கு அது போதும்.

"யாரும் ஓட முடியாது. இப்ப பேசலாமா?" என்றாள்.

சிலர் சிரித்தார்கள். பாவின் சொந்தக்காரரான நமச்சிவாயம் சிரிக்கவில்லை.

"ஒரே வாத்தியாரு, அஞ்சு வகுப்பு. அங்க என்னாத்துக்குமா அனுப்பணும்?"

"புள்ளைங்க இல்லன்னு வாத்தியாரத் தரல. வாத்தியார் இல்லன்னு நீங்க புள்ளைங்களத் தரல. எங்கனா ஒரு பக்கம் ஆரம்பிக்கணும்ல, பெரியவரே?"

எதிர்ப்பக்கம் நூலைப் பிடித்திருந்த தையல்நாயகிதான் வாயைத் திறந்தாள்.

"வாத்தியார் கதையெல்லாம் சாக்குபா. காலனிப் புள்ளைங்க பக்கத்துல உக்காரணுமேன்னுதானே வேன் வெச்சோம்? நானும்தான் வெச்சேன்."

வேறு இடமாக இருந்தால் ஆளுக்கொரு வேலை சொல்லி நழுவியிருப்பார்கள். இங்கே நூல் எல்லாரையும் கட்டிப்போட்டிருந்தது. அந்தச் சொல்லைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டே கஞ்சி காயும்வரை நின்றார்கள்.

பாவைச் சுருட்டிய பிறகு தையல்நாயகி தன் இரண்டு பிள்ளைகளின் பெயரைக் கொடுத்தாள். அவளோடு நூல் பிடித்திருந்த புவனேஸ்வரி ஒரு பெயர் கொடுத்தாள். ஆக, பதினான்கு.

ஜூனில் பள்ளி திறந்த அன்று அம்சா ஆலைக்குப் போகாமல் வாசலில் நின்றாள். பத்து மணிக்கு நமச்சிவாயம் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சேக்கறேன். ஆனா இவன முன்னால தனியா ஒரு பெஞ்சு போட்டு உக்கார வெக்கணும்."

ஆசிரியர் அம்சாவைப் பார்த்தார். ஒரே ஒரு பெயர். அது சேர்ந்தால் பள்ளி பிழைக்கும். சிம்ரன் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. அம்சா தலையாட்டினால் போதும்.

"எங்கம்மா செருப்பக் கையில தூக்கிக்கினு உங்க தெருவுல நடந்தாங்க" என்றாள். "எம் பொண்ணு அந்தத் தனி பெஞ்சப் பாத்துக்கினு படிக்க மாட்டா. பள்ளிக்கூடம் மூடினா மூடட்டும், பெரியவரே. வேற தெருவுல கேட்டுக்கறேன்."

நமச்சிவாயம் திரும்பிப் போகவில்லை; பேரனின் கையையும் விடவில்லை. வேன் அதற்குள் போயிருந்தது. உள்ளே பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் தாத்தாவின் பிடியிலிருந்தபடியே எட்டிப் பார்த்தான்.

"உம் பேர் என்னடா?" என்றார் ஆசிரியர்.

அவன் தாத்தாவை நிமிர்ந்து பார்த்தான். அவர் கையை விட்டார்.

"பிரேம்நாத்" என்றான் பையன். ஆசிரியர் எழுதிக்கொண்டார்.